ஊதினால் வேலை செய்யும்

பழைய ஆட்டம்தான் ஆட்டம் என்று
யாராவது தொடங்கினால் எனக்கு எரிச்சல்தான் வரும்.
குலசேகரத்தில் ஆனி மாதம்
லைன் கம்பியில் ஒரு ரப்பர் மரம் சாயாத வாரம் உண்டா?
ஏழு கட்டம் தாண்டி எட்டாவதில்
பலகை பலகையாய் உதிரும் பாலத்தில்
மூச்சைப் பிடித்து ஓடும்போது கரண்டு போகும்.
வந்ததும் முதலிலிருந்து.
அதே புல், அதே மேகம், அதே முதல் குழி.
இதில் எங்கே பெருமை?
ஒரு மழைக்காலம் முழுக்க
நானும் பிரைட்லினும் அந்தப் பாலத்தைக் கடக்கவில்லை.
அதில்தான் பொறுமை வந்தது என்பாள் அவள்.
எனக்குப் பெருவிரலில் காய்ப்பு வந்தது.

மஞ்சள் கேசட்டின் மேல் ஒட்டிய தாளில்
ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று போட்டிருந்தது.
எண்ணிப் பார்த்தோம். பதினேழு.
மிச்சமெல்லாம் அதே பதினேழு, சட்டை நிறம் மாறி.
பொய் அப்போதும் விற்றார்கள்.
தவணையில் விற்கவில்லை, அவ்வளவுதான்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே
மெடிக்கல் ஸ்டோரில் எனக்கு ராத்திரி வேலை.
பதினொன்றுக்குமேல், இரண்டு மருந்துச்சீட்டுக்கு நடுவே,
செல்போனில் எனக்கு ஒரு தீவு இருந்தது.
மூன்று வருஷம்.
முட்டைக்கோஸ் நட்டேன். படகு வாங்கினேன்.
தோஹாவில் டியூட்டி முடித்து பிரைட்லின் வருவாள்,
படகுப் பக்கம் நிற்பாள்.
பேச்சு கிடையாது.
அங்கே மழை பெய்யும், சில நாள் இங்கேயும்.
"இதில ஜெயிக்கது ஆராக்கும்?"
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார் தாசையன் சார்.
யாருமில்லை என்றேன்.
"அப்ப இது வெளையாட்டு இல்லியே" என்று
இருமல் டானிக் அடுக்கப் போய்விட்டார்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.
பழைய ஆட்டத்தில் போக வலப்பக்கம் மட்டும்தான் உண்டு.
திரும்ப முடியாது, உட்கார முடியாது.
புதியது என்னை உட்காரவிட்டது.
தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு
என்கிற அதன் சீட்டுக்காரப் புத்தி மட்டும் பிடிக்காது.
ஆனாலும் எண்பத்தொன்பது ரூபாய்க்கு ஒரு குடை வாங்கினேன்.
பொய் சொல்வானேன், இரண்டு வாங்கினேன்.

அப்புறம் ஒரு அறிவிப்பு.
விளையாடியதற்கு நன்றி.
முப்பதாம் தேதி நள்ளிரவோடு மூடுகிறோம்.
எந்த ஊர் நள்ளிரவு என்று இல்லை.
நம்முடையதற்குக் குடையோடு நின்றோம், ஒன்றும் ஆகவில்லை.
இரண்டரை மணி நேரம் கழித்து அவளுடையதற்கும் நின்றோம்.
சிரித்துவிட்டுத் தூங்கப் போனாள்.
மறுநாள் நட்டுச்சைக்கு,
நான் சோற்றில் மீன்குழம்பு ஊற்றும்போது,
தீவு போய்விட்டது.
எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது அது.
கோஸ் எத்தனை, மழை எப்போது, அவள் கடைசியாக வந்த நேரம்.

பரண்மேல் பிஸ்கட் டின்னில் மஞ்சள் கேசட் கிடந்தது.
ஊதினேன். வரவில்லை.
சட்டை நுனியால் துடைத்து இன்னொரு தடவை ஊதினேன்.
அதே புல், அதே மேகம்.
என்னைத் தெரியாது அதற்கு, என்றைக்கும் தெரிந்ததில்லை.
இதை வைத்து, பார்த்தாயா பழசுதான் உசத்தி என்று
யாரும் என்னிடம் வர வேண்டாம்.
வீடியோ காலில் போனை டிவிக்கு எதிரே சாய்த்து வைத்தேன்.
"ரெண்டு ஆளுண்ணு போடு எடி" என்றாள்.

நான் முதல் குழியிலேயே விழுந்தேன்.
அவள் முறை.
இரண்டாவது ரிமோட் தரையில் கிடந்தது.
எடுக்கப் போனேன்.
"வேண்டாம், ஒண்ணும் அமுக்காண்டாம். நிக்கட்டு."
பச்சைச் சட்டைக்காரி புல்லில் நின்றாள்.
மேலே எண் குறைந்துகொண்டிருந்தது, முந்நூறிலிருந்து.
வெளியே நல்ல காற்று. கரண்டு போகவில்லை.
நூற்றுச் சொச்சத்தில் தோஹாவில் யாரோ கதவு தட்டினார்கள்,
அவள் போகவில்லை.
பூஜ்யத்தில் அந்தப் பச்சைச் சட்டை
ஒரு துள்ளு துள்ளிச் செத்தது.

என் முறை.